இரண்டடி இறங்கிய முளைக்கட்டை

பெரிய கானில் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்த அன்று நானும் சந்தோஷப்பட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ரெங்கசாமி மாமா ஒருவர்தான் ஏமாந்தார் என்று படிப்பவர்கள் நினைத்துவிடுவார்கள்.

நடந்தது 1984இல். கிள்ளானிலிருந்து பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் எங்கள் தோட்டம் வரும். அதைக் கடைசித் தோட்டம் என்றுதான் சொல்வார்கள். அதற்கு அப்பால் பாக்காவ் எனும் அலையாத்தி மரக்காடும் கடலும்தான். தரை அவ்வளவு தாழ்வு. எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை நிற்பதும் நாங்கள் குடியிருப்பதும் கான்களை நம்பித்தான். மழைத் தண்ணீர் சின்னச் சின்னக் கான்களில் வடிந்து பெரிய கானில் சேரும். பெரிய கான் மதகு வழியாக ஆற்றில் போய் விழும். அந்தக் கான்களை வெட்டித் தூர் வாருகிற கூட்டத்துக்கு ரெங்கசாமி மாமா மண்டோர், மேஸ்திரி.

அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினான்கு வயதில் மண்வெட்டி பிடித்தவர். அந்த வருடமே தன் மண்வெட்டியாலேயே இடதுகாலில் இரண்டு விரல்களை வெட்டிக்கொண்டார். "கானுக்கு ரெண்டு வெரலு காவு குடுத்திட்டேன். இனிமே அது என்னை ஏமாத்தாது" என்பார். கயிறு பிடிக்காமல் ஒரு பர்லாங் தூரம் நேராக வெட்டுவார். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க அவருக்குக் கருவி எதுவும் வேண்டாம். வெற்றிலை எச்சிலைக் கானில் துப்பிவிட்டு, அந்தச் சிவப்பு எப்படி நகர்கிறது என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்ப்பார். அவர் மனைவி இராஜம்மா அத்தைக்கு இதில் தீராத கோபம்.

"வீட்டுக் கூரை ஒழுகுறது ரெண்டு வருசமா கண்ணுல படல. கான் கரை ஒரு நூல் வளைஞ்சா மட்டும் இந்த மனுசனுக்குச் சோறு எறங்காது."

"கூரையில மீனு வருமா? கான்ல வரும்லா" என்று மாமா பதில் சொல்வார். இருவரும் எங்களுக்கு அடுத்த வீடு. சொந்தமில்லை. பழக்கத்தில்தான் மாமா, அத்தை.

83 டிசம்பரில் பெய்த மழையில் கீழ்லயத்தில், தாழ்வான பக்கத்து வரிசை வீடுகளில், முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறியது. கீழ்லயத்தின் கோடி வீடு வீரம்மா அக்காவுடையது. புருஷன் இல்லை. இரண்டு பெண்பிள்ளைகள். செம்பனைக்கு அடியில் களை மருந்து அடிக்கும் வேலை. காலையில் முதுகில் பம்ப்பை மாட்டினால் மத்தியானம்தான் இறக்குவார். அன்று பிள்ளைகள் இரண்டும் மேசை மேல் நின்று அழுதுகொண்டிருந்தன. ரெங்கசாமி மாமாதான் சின்னவளைத் தோளிலும் பெரியவளை இடுப்பிலும் தூக்கி வந்து எங்கள் வீட்டில் விட்டார். ஈரக் கைலியைப் பிழிந்துகொண்டே, "அடுத்த வருசம் இந்த வீட்டு வாசப்படியக்கூட தண்ணி தொடாது. நான் பாத்துக்கிறேன்" என்றார். வீரம்மா அக்கா அழுதார்.

இந்த வாக்கைத்தான் அவர் காப்பாற்றப் பார்த்தார்.

ஜனவரியில் பெரிய கானைத் திருத்தி வெட்ட நிர்வாகம் முடிவு செய்தது. ஆனால் அந்த வருடம் புதிதாக ஒரு விதி வந்திருந்தது. தோட்டங்கள் தங்கள் இஷ்டத்துக்குக் கான் வெட்ட முடியாது. முதலில் அரசாங்க வடிகால் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். அங்கிருந்து வந்தவர் கனகலிங்கம் ஐயா. யாழ்ப்பாணத்து மனிதர். வீடு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில். தடித்த கண்ணாடி, சலவை செய்த வெள்ளைச் சட்டை, கையில் சுருட்டிய வரைபடம். சிவப்புக் கோடு போட்ட ஒரு முளைக்கட்டையைக் கரையில் அடித்துவிட்டு, கான் கூட்டத்தை நிற்க வைத்து விதியைச் சொன்னார்.

"கரையைச் சரிவாக வெட்ட வேணும். இந்தச் சிவப்புக் கோட்டிலிருந்து கீழே நாலடி. அதுக்கு மேலே ஒரு அங்குலமும் ஆழம் போகக் கூடாது. வெட்டி முடிய நான் வந்து அளப்பன்."

மாமா கேட்டார். "ஏங்கய்யா, ஆழமா வெட்டுனாதானே தண்ணி வடியும்?"

"கீழே ஒரு கெட்ட மண் கிடக்குது. அதிலே காற்றுப் பட்டால் தண்ணி பழுதாகும்."

"மனுசன்ல கெட்டவன் பாத்திருக்கேன். மண்ணுலயும் இருக்கா?"

எல்லோரும் சிரித்தோம். கனகலிங்கம் ஐயாவும் சிரித்துவிட்டார். "சிரியுங்கோ. ஆனால் நாலடி" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் செம்மண் பாதையில் திரும்பியதும் மாமா முளைக்கட்டையைப் பிடுங்கினார். பட்டப்பகலில், பதினெட்டு பேர் முன்னால். சரிவில் இரண்டடி கீழே இறக்கி அடித்தார். கோட்டிலிருந்து நாலடி அளந்தால் இனி உண்மையில் ஆறடி. பழைய ஓட்டை தெரியாமல் அதன் மேல் ஒரு புல் கட்டியை எடுத்து வைத்து மிதித்தார்.

"அவரு வீட்டுக்குள்ள தண்ணி ஏறியிருந்தா அவரே இங்கதான் அடிச்சிருப்பாரு" என்றார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. யாருக்கும் அது தப்பு என்று தோன்றவேயில்லை. ஐந்தாம் பாரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவு வரும்வரை வீட்டில் இருந்த நான் அந்தக் கூட்டத்தில் இருந்த அப்பாவுக்குத் தேநீர் கொண்டு போயிருந்தேன். எனக்கும் தோன்றவில்லை.

அவர்கள் ஆறடிக்குப் போனபோது மண்ணின் நிறம் மாறியது. நீலமும் சாம்பலும் கலந்த களிமண், வெண்ணெய் மாதிரி வழவழப்பு. அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. அதை வாரிக் கரையில் போட்டார்கள். பிப்ரவரியில் கனகலிங்கம் ஐயா வந்தார். முளைக்கட்டையிலிருந்து கோல் விட்டு அளந்தார். சரியாக நாலடி இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு மாமாவைப் பார்த்து, "நல்ல வேலை. சொன்னபடி செய்கிற மனுசர் குறைவு" என்றார். மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

பிறகு வெயில். மார்ச் முடிய ஒரு தூறல்கூட இல்லை. கானில் தண்ணீர் அடியோடு வற்றியது. கரையில் கிடந்த நீல மண் வெடித்துக் காய்ந்தது. வெடிப்புகளுக்குள் மஞ்சள் மஞ்சளாகத் திட்டுகள் தெரிந்தன, அரைத்த மஞ்சளைப் பூசிய மாதிரி. "மாரியம்மன் கோயிலுக்குப் போற வழியில மஞ்சள் பூத்திருக்கு" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

ஏப்ரல் கடைசியில் மழை விட்டு விட்டுப் பெய்தது. கீழ்லயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. கானில் தண்ணீர் ஏறி, இரண்டு நாளில் தெளிந்தது. அப்படி ஒரு தெளிவை எங்கள் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. எப்போதும் கறுத்த தேநீர் நிறத்தில் கலங்கி ஓடும் தண்ணீர் அது. இப்போது அடியில் கிடந்த ஒற்றைச் செருப்புகூடத் தெரிந்தது. லேசான நீலம். மாமா கரையில் நின்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாரு, கெட்ட மண்ணாம்! கெட்ட மண்ணு தண்ணிய இப்படியா வைக்கும்?"

இன்னொன்றும் நடந்தது. அம்மன் திருவிழாவுக்குக் கோயில் பாத்திரங்களைத் தேய்க்க இராஜம்மா அத்தை, வீரம்மா அக்கா, நான், இன்னும் சிலர் கான் கரைக்குப் போனோம். ஒரு வருடக் கறுப்பு ஏறிய குத்துவிளக்குகளைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டுவிட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தோம். புளி கரைப்பதற்கு முன்பே விளக்குகள் பளபளத்தன. அத்தை கையிலிருந்த புளியை அப்படியே இலையில் மடித்து வைத்தார்.

"புளி போடாமலே பொன்னாட்டம் வருதுடி!"

வீரம்மா அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அம்மா வந்து எறங்கிட்டா."

செய்தி பரவியது. அந்த வருடம் கரகம் சோடிக்கிற இடத்தையே மாற்றிவிட்டார்கள். வழக்கமாக மதகுக்கு அப்பால் ஆற்றோரத்தில் நடப்பது. இம்முறை பெரிய கான் கரையில். கரகச் செம்பில் அந்தத் தண்ணீரைத்தான் நிரப்பினார்கள். பிள்ளைகள் எல்லாம் கானில் குதித்தார்கள். வெளியே வந்தபோது எல்லாருக்கும் கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுதன. "வெயிலு, தூசு" என்றார்கள் பெரியவர்கள். என் விரல் இடுக்கில் தோல் எரிந்து வெடித்திருந்தது. தேங்காய் நார் கிழித்துவிட்டது என்று நினைத்து எண்ணெய் தடவினேன்.

நான் இரண்டாம் பாரத்திலிருந்து அறிவியல் படித்தவள். புளிப்பான எதுவும் பித்தளையைப் பளபளக்க வைக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தத் தண்ணீரை ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மதகு திறந்து, ஆற்று மீன்கள் கானுக்குள் ஏறின. அதற்கு அடுத்த நாள் காலை, கானில் தண்ணீர் தெரியவில்லை. மீன்கள் தெரிந்தன. திலாப்பியா, விரால், கெளுத்தி எல்லாம் வெள்ளை வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மதகு வரை மிதந்தன. ஆற்றிலும் நூறு கஜ தூரத்துக்கு அப்படியே. காக்கைகள்கூட வந்து உட்கார்ந்துவிட்டு எழுந்து போயின. மாமா கரையில் குந்தி, ஒரு விராலை எடுத்துச் செவுளைத் திறந்து பார்த்தார். உள்ளே துருப்பிடித்த மாதிரி இருந்தது. அவர் வாயில் வெற்றிலை இல்லாமல் நான் பார்த்தது அன்றுதான்.

பெரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் ஜெயராஜ் வீரம்மா அக்காவை முன்னால் வரச் சொன்னார்.

"ஸ்டோர்லேர்ந்து ஆசிட் வாங்குனியா?"

"வாங்குனேங்க. பம்ப்பு வாயி அடைச்சிக்கிட்டா கழுவுறதுக்கு. எப்பவும் வாங்குறதுதானே."

உண்மைதான். தோட்டம் ரப்பராக இருந்த காலத்தில் பாலை உறைய வைக்க வாங்கிய அமிலம் ஜாடிகளில் மிஞ்சிக் கிடந்தது. மருந்தடிக்கிறவர்கள் அதில் கொஞ்சம் வாங்கி பம்ப் கழுவுவார்கள்.

"எங்க கழுவுன?"

"கொட்டாய்க்குப் பின்னாலங்க."

"கான்ல கழுவல?"

அதற்குள் ரெங்கசாமி மாமா வரிசையை விட்டு வந்தார். "எங்கிட்ட சொல்லு. என் கான்ல ஊத்துனியா இல்லியா? பளிங்கு மாதிரி வச்சிருந்தேன்டி. ஒன் வீட்டுக்காகத்தான் வெட்டுனேன். அதுல போயி வெசத்தக் கொட்டிட்டியே!"

ஜெயராஜ் கேட்டதுகூட வீரம்மா அக்காவைத் தொடவில்லை. தன் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வந்த மனிதர் சொன்னதுதான். "அண்ணே, நீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

வடிகால் ஆபீஸிலிருந்து ஆள் வந்து பார்க்கும்வரை வேலை இல்லை என்றார் ஜெயராஜ். குற்றம் உறுதியானால் வேலையும் போகும், ஒரு வாரத்தில் வீட்டையும் காலி செய்ய வேண்டும். தோட்டத்து வீடு வேலை இருக்கிறவரைதான். அன்று சாயங்காலமே யாரோ அவர் வாசலில் இரண்டு செத்த மீன்களை வீசிவிட்டுப் போனார்கள். பெரிய பெண் அதைக் கூட்டித் தள்ளுவதை நான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் கனகலிங்கம் ஐயா வந்தார். பாதித் தோட்டமும் கான் கரையில் நின்றது. அவர் பையிலிருந்து நீலக் காகிதத் துண்டு ஒன்றை எடுத்துத் தண்ணீரில் தொட்டார். தொட்ட உடனே சிவந்தது. பள்ளிக்கூடத்தில் இதே காகிதத்தை நானே எலுமிச்சைச் சாற்றில் நனைத்திருக்கிறேன். நாங்கள் கரகத்தில் நிரப்பியது அதுதான். குழந்தைகள் கண்ணில் பட்டதும் அதுதான்.

"அமிலம். அதுவும் கடுமையான அமிலம்" என்றார்.

"நாந்தான் சொன்னேன்ல சார். ஆசிட்டு" என்றார் ஜெயராஜ்.

ஐயா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. கோலை எடுத்து முளைக்கட்டையிலிருந்து அளந்தார். நாலடி. இன்னொரு முறை அளந்தார். நாலடிதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குள் ஏதோ கணக்கு உதைத்தது என்று தெரிந்தது.

"நாலடியைத் தாண்டிப் போயிருந்தால் மண்தான் காரணம் எண்டு எழுதுவன். அந்த மண் காய்ந்து, மழை பெய்தால் தண்ணி அமிலமாகும். மீன் சாகும். பார்க்கிறதுக்கு மட்டும் பளிங்கு மாதிரித் தெளியும். அதிலேதான் சனம் ஏமாறும். ஆனால் இஞ்சை ஆழம் சரியாக இருக்குது. அப்ப ஆரோ கொட்டியிருக்க வேணும்." அவர் வீரம்மா அக்காவைப் பார்க்காமலே பேனாவைத் திறந்தார். "நான் அப்படித்தான் எழுத வேண்டி வரும்."

நான் ரெங்கசாமி மாமாவைப் பார்த்தேன். பதினெட்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. கரையில் காய்ந்து கிடந்த நீல மண்ணையும் அதிலிருந்த மஞ்சள் திட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. முப்பத்தெட்டு வருடம் தினமும் கூடவே இருந்த ஒன்று திடீரென்று அவரை அறைந்த மாதிரி இருந்தது. மூன்று நாளாக அவர் நடிக்கவில்லை. வீரம்மா அக்காதான் ஊற்றினார் என்று நெஞ்சார நம்பியிருந்தார். ஆழத்துக்கும் செத்த மீனுக்கும் சம்பந்தம் உண்டு என்பது அந்த நிமிஷம்தான் அவருக்கு உறைத்தது.

"ஐயா, எழுதாதீங்க."

சட்டையைக் கழற்றி இராஜம்மா அத்தை கையில் கொடுத்தார். "எங்க போறீங்க?" என்று அத்தை கேட்டார். அதற்குள் மாமா சரிவில் இறங்கியிருந்தார். முளைக்கட்டையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி, பிடுங்கினார். மேலே ஏறி வந்து, காலால் புல்லைத் தடவிக்கொண்டே நடந்தார். விரல் இல்லாத அந்த இடதுகால் ஓரிடத்தில் நின்றது. குனிந்து புல் கட்டியை எடுத்து வீசினார். அடியில் சதுரமாக ஒரு ஓட்டை. கட்டையை அதில் வைத்தார். அது இறுக்கமாகப் போய் உட்கார்ந்தது.

"இப்ப அளங்க."

கனகலிங்கம் ஐயா அளக்கவில்லை. அளக்கத் தேவையில்லை. "நீரா காணும்?" என்றார். "நீரா இதைச் செய்தது? நான் உம்மைப் பற்றி ஆபீஸில் எவ்வளவு பெருமையாகச் சொன்னன் தெரியுமா?"

"நாந்தாங்கய்யா. இவனுங்க யாரும் இல்ல. நாந்தான் பிடுங்கி எறக்குனேன். அவ ஒண்ணும் ஊத்தல." பிறகு வீரம்மா அக்கா பக்கம் திரும்பினார்.

இராஜம்மா அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "பாவி மனுசா! அந்தத் தண்ணியத்தானே அம்மன் தலையில வச்சோம்! பிள்ளைங்க கண்ணுல ஊத்தினோம்!"

வீரம்மா அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. மாமாவின் மண்டோர் பதவி போனது. அவர் கீழே வேலை செய்தவன் ஒருவனே மண்டோர் ஆனான். மாமா பழையபடி மண்வெட்டி பிடித்தார். முதல் வேலையே கானை மூடுவதுதான். இரண்டடிக்கு நல்ல மண்ணை லோரியில் கொண்டுவந்து கொட்டினார்கள். கரையில் கிடந்த நீல மண்ணைச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். ஆழத்துக்குப் பதில் இரண்டு பக்கமும் அகலமாகச் சரித்து வெட்டினார்கள். நீல மண்ணில் மறுபடியும் காற்றுப் படாமல் இருக்க, வெயில் காலத்திலும் அதன் மேல் தண்ணீர் நிற்கும்படி மதகில் பலகை வைத்தார்கள். கனகலிங்கம் ஐயா மாதத்துக்கு ஒரு தரம் வந்தார். மாமாவோடு அவர் பேசுவது குறைந்துவிட்டது. ஆனால் கோலை மட்டும் மாமா கையில்தான் கொடுப்பார். "நீரே அளந்து சொல்லும்" என்பார். அதைவிடப் பெரிய தண்டனையை நான் பார்த்ததில்லை. மாமா ஒவ்வொரு முறையும் சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி, "நாலடிங்கய்யா" என்பார்.

வீரம்மா அக்கா அவரோடு பேசவில்லை. ஒரு நாள் காலை மாமா கீழ்லயத்துக்குப் போய் அவர் வாசலில் நின்றார். நான் தண்ணீர்க் குழாயில் குடம் வைத்திருந்தேன்.

"ஒரு பித்தளைச் செம்பு வேணும். தேய்க்காதது. நல்லாக் கறுத்தது."

அக்கா உள்ளே போய்ச் செம்பை எடுத்துவந்து, கையில் கொடுக்காமல் படியில் வைத்தார். "எதுக்கு? இதையும் நாந்தான் கறுப்பாக்கினேன்னு சொல்லவா?"

மாமாவுக்கு அது தைத்தது. தலையைக் குனிந்தபடி செம்பை எடுத்துக்கொண்டு போனார்.

மதகுப் பலகையில் ஒரு கம்பியைக் கட்டி அந்தச் செம்பைத் தண்ணீரில் தொங்கவிட்டார். தினமும் வேலைக்குப் போகுமுன் தூக்கி, கட்டை விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பார்ப்பார். ஐயாவின் காகிதம் மாதத்துக்கு ஒரு தரம்தான் வரும். செம்பு தினமும் இருக்கும். முதல் இரண்டு மாதம் தேய்த்த இடம் பளிச்சென்று மின்னியது. அந்த நாட்களில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அத்தை சொன்னார். பிள்ளைகளைக் கான் பக்கமே விடாமல் விரட்டினார். "தண்ணி தெளிவா இருக்கு தாத்தா" என்று ஒரு வாண்டு சொன்னதற்கு, "அதான்டா பயமா இருக்கு" என்றார். அதற்குப் பிறகு செம்பு மறுபடி கறுக்கத் தொடங்கியது.

டிசம்பரில் மழை கொட்டியது. கீழ்லயத்தில் தண்ணீர் ஏறத்தான் ஏறியது. முழங்கால் வரைக்கும் இல்லை, கணுக்காலோடு நின்றது. வீரம்மா அக்கா வாசலைக் கடந்து உள்ளே போனது. மாமா கொடுத்த வாக்கு பொய்யானது.

மறுநாள் காலை நான் பார்த்தபோது, அவர் வழக்கம்போல மதகில் நின்று செம்பைத் தூக்கிக்கொண்டிருந்தார். கான் பழைய தேநீர் நிறத்தில் கலங்கி ஓடியது. வீரம்மா அக்கா, வீட்டிலிருந்து வாரிய சேற்றைக் கொட்ட வாளியோடு வந்தார். ஏழு மாதத்துக்குப் பிறகு அவரே முதலில் பேசினார்.

"என்னா சொல்லுது செம்பு?"

மாமா கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தார். எச்சில் தொட்டு மறுபடி தேய்த்தார். கறுப்புப் போகவில்லை. செம்பை அவர் பக்கம் நீட்டினார். அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு வாங்கி, தன் முந்தானையால் தானும் ஒரு தரம் தேய்த்துப் பார்த்தார். பிறகு அதைக் கம்பியில் மாட்டி, தன் கையாலேயே தண்ணீருக்குள் இறக்கினார்.